வீட்டில் விமான சிமுலேட்டர், காதில் வானொலி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சனி, ஞாயிறு இரவுகளில் நாங்கள் சிலர், கணினியில் விமானம் ஓட்டும் சிமுலேட்டரில், இணையத்தில் சேர்ந்து பறக்கிறோம். புதிதாகச் சேருகிறவர்கள் விமானத்தை மேலே கிளப்ப ஒரே நாளில் கற்றுக்கொள்கிறார்கள். ஒருவரோடு ஒருவர் பேசும் குரல் இணைப்பைச் சரிசெய்வதற்குத்தான் ஒரு வாரம் ஆகிவிடுகிறது. போனில் திரும்பத் திரும்ப என்னிடம் வந்த சந்தேகங்களை இங்கே தொகுத்திருக்கிறேன். கேள்விகள் கேட்டவர்களின் பேச்சிலேயே இருக்கின்றன. அவசரமென்றால் 7ஆவது, 8ஆவது கேள்விகளை முதலில் பாருங்கள். சிக்கலோடு வருகிறவர்களில் பெரும்பாலானோருக்கு விடை அங்கேதான் இருக்கிறது.

1. ஃபிளைட் ஓட்டுறதுக்கு எதுக்குப் பேசணும்? டைப் பண்ணா ஆகாதா?

தனியாகப் பறந்தால் பேச வேண்டியதில்லை. அதே வானத்தில் இன்னும் நான்கு பேர் வந்துவிட்டால் நிலைமை மாறிவிடும். இரண்டு பேர் ஒரே ஓடுபாதைக்கு இறங்கி வருகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். தரையிலிருந்து ஐந்நூறு அடியில், ஒரு கை ஸ்டிக்கிலும் மறு கை த்ராட்டிலிலும் இருக்கும்போது தட்டச்சு செய்ய மூன்றாவது கை கிடையாது. குரல் இருந்தால் இரண்டு நொடியில் விஷயம் முடிந்துவிடும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மற்ற விமானிகள் பேசுவதைக் கேட்டாலே யார் எங்கே இருக்கிறார், எந்த உயரத்தில் வருகிறார் என்று மனதில் ஒரு படம் விரியும். என்னைப் பொறுத்தவரை இந்தப் பொழுதுபோக்கின் உயிரே அந்தப் படம்தான்.

2. டிஸ்கார்ட்ல ஒரு கால் போட்டா போதாதா?

நண்பர்கள் மூன்று பேர் சேர்ந்து சுற்றிப் பார்க்கப் போவதென்றால் தாராளமாகப் போதும். ஆனால் இரண்டும் ஒன்றல்ல. டிஸ்கார்ட் என்ற அரட்டைச் செயலி ஓர் அறை மாதிரி, உள்ளே இருக்கும் எல்லோருக்கும் எல்லாம் கேட்கும். சிமுலேட்டரில் உள்ள விமான வானொலி அப்படி வேலை செய்யாது. நீங்கள் எந்த அலைவரிசையில் இருக்கிறீர்களோ அதில் இருப்பவர்களுக்கு மட்டும், அதுவும் எட்டும் தூரத்தில் இருந்தால்தான் கேட்கும். காக்பிட்டில் எண்ணைத் திருப்பியதும் வேறு ஆட்களின் குரல் வரும்.

முதல் வாரம் டிஸ்கார்டில் பழகுங்கள். மைக், பட்டன், ஒலியளவு எல்லாம் அங்கேயே படிந்துவிடும். அப்புறம் வானொலிக்கு மாறுவது எளிது.

3. என்னென்ன வாங்கணும்? ரொம்ப செலவாகுமா?

போனோடு வந்த, மைக் உள்ள ஒயர் இயர்போன் வீட்டில் இருக்கிறதா? அதை வைத்தே தொடங்கலாம். விலை உயர்ந்த ஹெட்செட்டை முதல் நாளே வாங்காதீர்கள். குரல் தெளிவில் பாதிக்கு மேல் மைக்கை எங்கே வைக்கிறீர்கள், எவ்வளவு வேகமாகப் பேசுகிறீர்கள் என்பதில்தான் இருக்கிறது.

ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். போன் இயர்போனின் முனையில் மூன்று கறுப்பு வளையங்கள் இருக்கும். மடிக்கணினியின் ஒற்றைத் துளையில் அது அப்படியே வேலை செய்யும். மேசைக் கணினியில் மைக்குக்கு இளஞ்சிவப்புத் துளை, ஒலிக்குப் பச்சைத் துளை என்று தனித்தனியாக இருந்தால், ஒன்றை இரண்டாகப் பிரிக்கும் ஒய் வடிவ இணைப்பான் ஒன்று வேண்டும். இல்லாவிட்டால் பாட்டு கேட்கும், மைக் மட்டும் செத்துக் கிடக்கும். யுஎஸ்பி ஹெட்செட்டுக்கு இந்தத் தொல்லையே இல்லை.

4. நல்ல ப்ளூடூத் ஹெட்செட் இருக்கு. அதுவே போதும்ல?

வேறு வழியில்லை என்றால் பயன்படுத்தலாம். ஆனால் பெரும்பாலான ப்ளூடூத் ஹெட்செட்களில் மைக்கைத் திறந்த நொடியே இணைப்பு 'ஹேண்ட்ஸ்ஃப்ரீ' முறைக்கு மாறிவிடும். இரண்டு காதுக்கும் தனித்தனியாக வந்த ஒலி ஒற்றை ஒலியாகி, தரம் பழைய தொலைபேசி அளவுக்கு இறங்கும். "இன்ஜின் சத்தம் திடீர்னு கிணத்துக்குள்ள இருந்து வர்ற மாதிரி இருக்கு" என்று கேட்பவர்கள் எல்லோருக்கும் காரணம் இதுதான். தாமதமும் கொஞ்சம் கூடும்.

கேட்பதற்கு மட்டும் ப்ளூடூத்தை வைத்துக்கொண்டு, பேசுவதற்கு மடிக்கணினியின் மைக்கையோ தனி மைக்கையோ தேர்ந்தெடுத்தால் ஒலித்தரம் குறையாது.

5. எந்த மென்பொருளைப் போடுறது? ஆளுக்கு ஒரு பேரு சொல்றாங்க.

எங்கே பறக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. வாட்சிம் என்பது 2001 முதல் இயங்கும் இலவச வலையமைப்பு. விமானிகளும், தரையிலிருந்து விமானங்களை வழிநடத்தும் தன்னார்வ கன்ட்ரோலர்களும் அதில் சேர்ந்து இயங்குகிறார்கள். மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டர் வைத்திருப்பவர்களுக்கு விபைலட், எக்ஸ்பிளேன் வைத்திருப்பவர்களுக்கு எக்ஸ்பைலட் என்று தனித்தனி இணைப்பு மென்பொருள் உண்டு. 2019 அக்டோபரில் அங்கே புதிய குரல் அமைப்பு வந்தது. இப்போது குரல் அந்த மென்பொருளுக்குள்ளேயே இருக்கிறது, தனியாக எதையும் நிறுவ வேண்டாம். பதிவு செய்து, புதியவர்களுக்கான அறிமுகப் பாடத்தையும் சின்னத் தேர்வையும் முடித்த பின்தான் இணைய முடியும். ஐவாவோ என்ற வலையமைப்பும் இதே மாதிரிதான். அதற்கு ஆல்டிட்யூட் என்ற மென்பொருள்.

ஃபிளைட்கியர் இலவசச் சிமுலேட்டர். காசு செலவழிக்க முடியாத மாணவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான். இதில் குரலுக்கு மம்பிள் என்ற இலவசக் குரல் செயலியும், அதில் சொருகும் எஃப்ஜிகாம்-மம்பிள் என்ற செருகுநிரலும் வேண்டும். மம்பிள் 1.4 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பாக இருக்கட்டும். சிமுலேட்டரின் வானொலி எண்ணை மம்பிளுக்குச் சொல்லும் துணைநிரலை ஃபிளைட்கியரிலும் சேர்க்க வேண்டும். பிறகு மம்பிள் சர்வரில் எஃப்ஜிகாம்-மம்பிள் என்று பெயர் தொடங்கும் சேனலுக்குள் போய் உட்காருங்கள். வேறு சேனலில் இருந்தால் வானொலி இயங்காது, சாதாரண அரட்டையாகத்தான் இருக்கும்.

டிசிஎஸ் என்ற போர் விமான சிமுலேட்டரில் பறக்கிறவர்கள் பெரும்பாலும் சிம்பிள் ரேடியோ என்ற தனிச் செயலியை வைத்திருக்கிறார்கள். நான் அதில் அதிகம் பறப்பதில்லை என்பதால் இங்கே விரிவாக எழுதவில்லை.

6. பிடிடின்னா என்ன? மைக்கைத் திறந்தே வச்சா என்ன ஆகும்?

அழுத்திப் பேசும் பொத்தான். அழுத்தினால் நீங்கள் பேசலாம், விட்டால்தான் கேட்கலாம். விமான வானொலியில் ஒரு நேரத்தில் ஒருவர் குரல்தான் போக முடியும். இரண்டு பேர் ஒரே நேரத்தில் அழுத்தினால் நிஜத்தில் கீச்சென்ற இரைச்சல்தான் வரும், இரண்டு பேர் சொன்னதும் யாருக்கும் புரியாது. வாட்சிமின் குரல் அமைப்பு இதையும் அப்படியே செய்து காட்டுகிறது. ஆகவே உங்கள் மைக் திறந்தே கிடந்தால் அந்த அலைவரிசையில் இருக்கும் அத்தனை பேரின் வாயையும் அடைத்த மாதிரி ஆகிவிடும். தரையிறங்க அனுமதி கேட்டு ஒருவர் காத்திருக்க, அவர் காதில் உங்கள் வீட்டு டிவி ஓடிக்கொண்டிருக்கும். இதை நான் கண்டிப்பாகவே சொல்வேன்: குரலால் தானாகத் திறக்கும் முறை வானொலியில் வேண்டாம்.

ஜாய்ஸ்டிக் இருந்தால் அதன் விசைப் பொத்தானையே பிடிடியாக வையுங்கள். விசைப்பலகை என்றால் வலப்பக்க கன்ட்ரோல் வசதியானது. ஃபிளைட்கியரில் முதல் வானொலிக்கு ஸ்பேஸ் பட்டையும், இரண்டாவதற்கு ஷிஃப்ட்டோடு ஸ்பேஸும் ஏற்கெனவே அமைந்திருக்கின்றன. பொத்தானை அழுத்தி, அரை நொடி பொறுத்துப் பேசத் தொடங்குங்கள். பேசி முடித்த பிறகு விடுங்கள். அழுத்தும்போதே பேசினால் உங்கள் அழைப்புக்குறியின் (வானொலியில் உங்கள் விமானத்துக்கான பெயர்) முதல் எழுத்து காணாமல் போய்விடும்.

7. எனக்கு எல்லாரும் கேக்குது. நான் பேசுறது மட்டும் யாருக்கும் கேக்கல.

வரிசையாகப் பாருங்கள். முதலில் விண்டோஸின் தனியுரிமை செட்டிங்ஸில், டெஸ்க்டாப் செயலிகள் மைக்கைப் பயன்படுத்த அனுமதி இருக்கிறதா? அது அணைந்திருந்தால் மற்ற எதைச் சரிசெய்தும் பயனில்லை. அடுத்து, இணைப்பு மென்பொருளின் ஆடியோ பகுதியில் சரியான மைக் தேர்வாகியிருக்கிறதா? 'டிஃபால்ட்' என்று விடாதீர்கள். வெப்கேமைச் சொருகியதும் டிஃபால்ட் மைக் அதற்குத் தாவிவிடக்கூடும். மைக்கின் பெயரைத் தேர்ந்தெடுத்து வையுங்கள். பேசும்போது அளவு காட்டும் பட்டை அசைய வேண்டும்.

பட்டை அசைகிறது, ஆனாலும் குரல் போகவில்லை என்றால் பொத்தானைச் சந்தேகியுங்கள். சிமுலேட்டருக்கு வெளியே வேலை செய்கிற பிடிடி, சிமுலேட்டர் திரை முன்னால் வந்ததும் செத்துவிடுகிறதா? சிமுலேட்டரை நிர்வாகி உரிமையோடு திறந்திருப்பீர்கள், இணைப்பு மென்பொருளைச் சாதாரணமாகத் திறந்திருப்பீர்கள். அப்படி இருக்கும்போது நீங்கள் அழுத்தும் விசையை விண்டோஸ் அதற்குக் கொடுக்காது. இரண்டையும் ஒரே மாதிரி திறந்தால் சரியாகிவிடும். எங்கள் குழுவில் ஒருவர் இதற்காக மூன்று மைக் மாற்றிப் பார்த்துவிட்டார். மூன்றும் நல்ல மைக்தான்.

கடைசியாக, காக்பிட்டில் பேசும் வானொலியாக எது தேர்வாகியிருக்கிறது என்று பாருங்கள். முதல் வானொலியில் எண்ணை வைத்துவிட்டு இரண்டாவதில் பேசுவது அடிக்கடி நடக்கும். ஃபிளைட்கியர்காரர்களுக்கு ஒரு நல்ல வசதி இருக்கிறது. வானொலிச் சாளரத்தில் 910.000 என்று வைத்துப் பேசினால் உங்கள் குரலே உங்களுக்குத் திரும்பி வரும். எதிரொலிச் சோதனைக்கென்றே வைத்த எண் அது, நிஜ விமான அலைவரிசை எதிலும் வராது. யாரையும் தொந்தரவு செய்யாமல் எத்தனை முறை வேண்டுமானாலும் சோதிக்கலாம்.

8. எனக்கு யாரு பேசுறதுமே கேக்கல. சர்வர் டவுனா?

பெரும்பாலும் இல்லை. விமானத்தின் மின்சாரம்தான் முதல் சந்தேகம். பேட்டரியும் ஏவியானிக்ஸ் (விமானத்தின் மின்னணுக் கருவிகள்) சுவிட்சும் அணைந்திருந்தால் வானொலிக்கு உயிர் கிடையாது, அந்த நிஜத்தை இணைப்பு மென்பொருள்களும் மதிக்கின்றன. இன்ஜினை அணைத்த நிலையில் விமானத்தை ஏற்றியவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதுதான்.

அடுத்தது எண். புதிய எண்ணைத் திருப்பினால் அது முதலில் காத்திருப்புப் பக்கத்தில்தான் ஏறும். மாற்றும் பொத்தானை அழுத்தினால்தான் நடப்புப் பக்கத்துக்கு வரும். பழைய மாதிரி வானொலிகள் இரண்டு தசம இலக்கத்தை மட்டும் காட்டும். கன்ட்ரோலர் 121.975 என்று சொன்னால் அதில் 121.97 என்று தெரிவது சரிதான், பதற வேண்டாம்.

மின்சாரமும் எண்ணும் சரி, ஆனாலும் அமைதி என்றால் உண்மையிலேயே யாரும் பேசவில்லையா என்று பாருங்கள். வாட்சிமில் கன்ட்ரோலர் இல்லாத இடத்தில் பொதுவாக எல்லோரும் 122.800-இல் இருப்பார்கள். சுற்றிலும் விமானம் இல்லாவிட்டால் அது மணிக்கணக்கில் மௌனமாகத்தான் இருக்கும்.

9. நான் பேசும்போது ஃபேன் சத்தம், குக்கர் விசில் எல்லாம் போகுதாம். கதவைச் சாத்திட்டேன், அப்பவும் வருது.

மைக்கை வாய்க்கு நேராக வைக்காமல், உதட்டு ஓரத்திலிருந்து இரண்டு விரல் அகலம் தள்ளி வையுங்கள். மூச்சு மைக்கில் மோதாது, குரல் மட்டும் போகும். மைக் அருகில் வந்துவிட்டால் அதன் ஒலியளவைக் குறைத்துவிடலாம். அப்போது தூரத்துச் சத்தம் தானாக அடங்கும். மைக்கைத் தூரத்தில் வைத்து விண்டோஸில் 'பூஸ்ட்' ஏற்றி வைப்பதுதான் ஃபேனை உள்ளே அழைத்து வருகிறது. மே மாத வெயிலில் ஃபேனை நிறுத்தச் சொல்ல எனக்கு மனமில்லை. காற்று நேரே முகத்தில் அடிக்காதபடி நாற்காலியைக் கொஞ்சம் திருப்பினால் போதும், மைக்குக்கு ஒரு பஞ்சு உறையும் போடுங்கள்.

மம்பிளில் இரைச்சலை நீக்கும் வசதி உள்ளேயே இருக்கிறது, ஆடியோ அமைப்பில் போட்டுக்கொள்ளுங்கள். இன்ஜின் சத்தத்தை ஸ்பீக்கரிலும் வானொலியை ஹெட்செட்டிலும் பிரித்து வைப்பது இன்பமான அனுபவம். ஆனால் ஸ்பீக்கர் சத்தம் மைக்கில் ஏறாத அளவுக்கு இருக்கட்டும்.

10. எங்க ஊர்ல நெட் ஸ்லோ. மொபைல் டேட்டாவுல ஓடுமா?

குரலுக்கு வேகம் அதிகம் தேவையில்லை. நொடிக்கு 40 கிலோபிட் என்று வைத்தால், ஒருவர் ஒரு மணி நேரம் விடாமல் பேசினாலும் 18 மெகாபைட்தான். தினம் 1.5 ஜிபி திட்டத்தில் அது ஒரு மூலைக்கும் வராது. சிமுலேட்டர் நிலப்படங்களை இணையத்திலிருந்து இறக்குவதுதான் டேட்டாவைத் தின்னும். மொபைலில் பறப்பவர்கள் முதலில் அதைக் கட்டுப்படுத்துங்கள்.

குரல் வெட்டி வெட்டி வருவதற்குக் காரணம் சீரின்மை. குரல் தரவின் ஒரு பொட்டலம் உடனே வரும், அடுத்தது தாமதித்து வரும். வைஃபையை விட்டு ரவுட்டருக்கு ஒயர் போட்டாலே பல வீடுகளில் சரியாகிவிடுகிறது. ஒயர் போட முடியாதென்றால், நீங்கள் பறக்கும் நேரத்தில் வீட்டில் யாரும் பெரிய கோப்பு எதையும் மேலேற்றாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

11. தம்பியும் நானும் ஒரே ரூம்ல ரெண்டு கம்ப்யூட்டர்ல பறக்கிறோம். எல்லாருக்கும் எதிரொலி வருதாம்.

தம்பி பேசும்போது அவர் குரல் அவர் மைக்கிலும் ஏறுகிறது, உங்கள் மைக்கிலும் ஏறுகிறது. இரண்டும் கொஞ்சம் முன்பின்னாகப் போய்ச் சேருவதுதான் எதிரொலி. இரண்டு பேருக்கும் ஹெட்செட், இரண்டு பேருக்கும் பிடிடி என்று வைத்தால் போதும். 6ஆவது பதிலில் சொன்னது இங்கே இரண்டு மடங்கு பொருந்தும். ஒருவர் அழுத்தியிருக்கும்போது மற்றவர் வாயைத் திறக்கக் கூடாது. உங்கள் குரலே உங்களுக்குத் தாமதமாகத் திரும்பி வந்தால், விண்டோஸ் மைக் அமைப்பில் 'இந்தச் சாதனத்தைக் கேள்' என்ற பெட்டி குறியிடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். எடுத்துவிடுங்கள்.

12. இங்கிலீஷ் சரளமா வராது. கன்ட்ரோலர்கிட்ட பேசவே பயமா இருக்கு.

இந்தக் கேள்வியைத்தான் அதிகம் பேர் கேட்கிறார்கள், அதுவும் தனியாக, தயங்கித் தயங்கி. மைக் கோளாறு என்று வருகிறவர்களில் சிலருக்கு உண்மையில் இருப்பது இந்தப் பயம்தான். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வானொலியில் பேசுவது ஆங்கிலம் பேசுவதல்ல. நூறு, நூற்றைம்பது சொற்களுக்குள் அடங்கிய தனி மொழி அது. இங்கிலாந்தில் பிறந்தவரும் அதைப் புதிதாகத்தான் கற்றுக்கொள்கிறார்.

அமைப்பு எப்போதும் ஒன்றே: யாரைக் கூப்பிடுகிறீர்கள், நீங்கள் யார், எங்கே இருக்கிறீர்கள், என்ன வேண்டும். "சென்னை கிரவுண்ட், விக்டர் டாங்கோ ஆல்ஃபா பிராவோ சார்லி, ஸ்டாண்ட் ஒன் டூ, ரிக்வெஸ்ட் டாக்ஸி." பன்னிரண்டாம் நிறுத்துமிடத்தில் இருக்கிறேன், தரையில் ஓட்டிச் செல்ல அனுமதி வேண்டும் என்று பொருள், அவ்வளவுதான். பதிலுக்கு அவர் சொல்லும் ஓடுபாதை, உயரம், திசை, காற்றழுத்த அளவு, ட்ரான்ஸ்பாண்டர் (ரேடாருக்கு விமானத்தை அடையாளம் காட்டும் கருவி) எண் ஆகியவற்றை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். எண்களை ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள்: ஓடுபாதை 07 என்றால் 'ஜீரோ செவன்', 25 என்றால் 'டூ ஃபைவ்'. ஒன்பதை 'நைனர்' என்பார்கள், இரைச்சலில் ஐந்தோடு குழம்பாமல் இருப்பதற்காக.

நான் புதியவர்களுக்குச் சொல்லும் வழி இது. முதல் மூன்று நாள் பேசாதீர்கள். கன்ட்ரோலர் இருக்கும் விமான நிலையத்தில் விமானத்தை ஓரமாக நிறுத்தி, பேப்பரும் பேனாவும் வைத்துக்கொண்டு கேளுங்கள். நான்காம் நாள், சொல்லப் போவதை எழுதி வைத்துப் பார்த்துப் படியுங்கள். "ஐயாம் நியூ" என்று தொடக்கத்திலேயே சொல்லிவிட்டால் பெரும்பாலான கன்ட்ரோலர்கள் வேகத்தைக் குறைத்துக்கொள்வார்கள். புரியாவிட்டால் "சே அகெய்ன்". செய்ய முடியாவிட்டால் "அன்ஏபிள்". இந்த இரண்டும் உங்கள் உரிமை, கேட்பதில் வெட்கமே வேண்டாம். புரியாததைப் புரிந்த மாதிரி திருப்பிச் சொல்வதுதான் ஆபத்து. உச்சரிப்பு யாருக்கும் தடையாகி நான் பார்த்ததில்லை. அவசரமாகப் பேசுவதுதான் தடையாகிறது.

13. மதுரையில நிறுத்திட்டு சென்னை டவரைக் கூப்பிட்டேன். பதிலே இல்ல. செட்டிங்ல ஏதும் தப்பா?

தப்பில்லை. விமான வானொலி அலை நேர்கோட்டில் போகிறது, பூமியின் வளைவைத் தாண்டாது. எட்டும் தூரத்துக்கு ஒரு எளிய கணக்கு இருக்கிறது. அடிக்கணக்கில் உள்ள உயரத்தின் வர்க்கமூலத்தை 1.23-ஆல் பெருக்கினால் தொடுவானம் எத்தனை கடல் மைல் என்று வரும். 1,000 அடியில் சுமார் 39, 10,000 அடியில் 123, 35,000 அடியில் 230. சென்னைக்கும் மதுரைக்கும் வான்வழியில் ஏறத்தாழ 225 கடல் மைல். ஆகவே மதுரைக்கு மேலே 35,000 அடியில் போகிறவருக்குச் சென்னையின் குரல் மெல்லியதாகக் கேட்கலாம், கீழே நிறுத்தியிருக்கும் உங்களுக்குக் கேட்காது. எஃப்ஜிகாம்-மம்பிளும் வாட்சிமும் இந்த எல்லையைக் கணக்கிட்டே குரலை அனுப்புகின்றன.

அதோடு, டவர் என்பது அந்த விமான நிலையத்துக்கு மட்டுமே பொறுப்பு. வாட்சிமில் மதுரை டவரில் ஆள் இல்லாமல், மேலே பெரிய பகுதியைப் பார்க்கும் கன்ட்ரோலர் இருந்தால் அவரே கீழ்வேலைகளையும் சேர்த்துப் பார்ப்பது வழக்கம். அவருடைய குரல் பல இடங்களில் நிறுவிய வானொலிக் கோபுரங்கள் வழியாக வருவதாக அமைத்திருப்பார்கள் என்பதால் தரையிலும் கேட்கும். யாரும் இல்லையென்றால் 8ஆவது பதிலில் சொன்ன 122.800.

14. எங்க செட்டுக்கு மட்டும் சொந்தமா மம்பிள் சர்வர் வச்சுக்கலாமா? ரவுட்டர்ல போர்ட் திறந்தும் வெளியிலிருந்து யாராலயும் வர முடியல.

வைத்துக்கொள்ளலாம். பழைய மடிக்கணினியோ ராஸ்பெரி பை என்ற சிறு கணினியோ போதும். சேனல் பெயரை 5ஆவது பதிலில் சொன்னபடி வைத்தால் ஃபிளைட்கியர் வானொலியும் அதிலேயே ஓடும். மம்பிளின் போர்ட் (வெளியிலிருந்து தகவல் நுழையும் வாசல்) 64738, அதில் டிசிபி, யுடிபி என்ற இரண்டு வழிகளையும் திறக்க வேண்டும். டிசிபியை மட்டும் திறந்தால் உள்ளே வருவார்கள், ஆனால் குரல் சுற்றுவழியில் தாமதமாக வரும்.

இரண்டையும் திறந்தும் வரவில்லையா? ரவுட்டரின் நிலைப் பக்கத்தில் வெளி முகவரியைப் பாருங்கள். அது 100.64 முதல் 100.127 வரையிலான எண்ணில் தொடங்கினாலோ, 10 என்று தொடங்கினாலோ, உங்கள் இணைய நிறுவனம் ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்து தருகிறது என்று பொருள். நம் ஊரில் இது மிகச் சாதாரணம். உங்கள் ரவுட்டரில் எத்தனை போர்ட் திறந்தாலும் அதற்கு மேலே இன்னொரு பூட்டு இருக்கிறது. நிலையான முகவரிக்குக் கட்டணம் கட்டிக் கேட்கலாம். சிறிய வாடகை சர்வர் எடுக்கலாம். டெயில்ஸ்கேல், ஜீரோடையர் மாதிரி செயலியை எல்லோரும் போட்டுக்கொண்டு ஒரே வீட்டு வலை மாதிரி இணையலாம். ஐந்தாறு பேர் என்றால் இந்த மூன்றாவது வழிதான் நல்லது, ரவுட்டரையே தொட வேண்டாம்.

15. எனக்குக் காது சரியா கேக்காது. நான் சேர முடியுமா?

கட்டாயம் முடியும். வாட்சிமில் எழுத்து வழியாகப் பறப்பதற்கு முழு இடம் உண்டு. பறப்புத் திட்டத்தின் குறிப்புப் பகுதியில் சாய்கோடுகளுக்கு நடுவே ஒரே ஓர் ஆங்கில எழுத்து போடுவார்கள்: குரலில் பேசுகிறவர் 'வி', கேட்க மட்டும் முடிகிறவர் 'ஆர்', முழுக்க எழுத்தில் பறப்பவர் 'டி'. அதைப் பார்த்துக் கன்ட்ரோலர் உங்களுக்குத் தட்டச்சில் சொல்வார். பேச்சில் திக்கு உள்ளவர்களும், குழந்தை தூங்கும் வீட்டில் இரவு பறப்பவர்களும் இதையே பயன்படுத்தலாம். காரணம் சொல்ல வேண்டியதில்லை.

1ஆவது பதிலில் சொன்ன மூன்றாவது கைச் சிக்கல் இங்கே வரும். தரையிறங்கும்போது தேவைப்படும் வரிகளை முன்கூட்டியே எழுதி வைத்து, ஒட்டி அனுப்பினால் சமாளிக்கலாம்.

16. இறங்கிட்டு இருக்கும்போது நடுவுல குரல் போயிட்டா என்ன செய்றது?

முதலில் விமானத்தை ஓட்டுங்கள். செட்டிங்ஸைத் திறந்து நோண்டும் நேரம் இதுவல்ல. தானியங்கி விமானி இருந்தால் அதைப் போட்டுவிட்டு, இணைப்பு மென்பொருளின் எழுத்துப் பெட்டியில் அதே அலைவரிசையில் குரல் போய்விட்டது என்று ஒரு வரி தட்டுங்கள். எழுத்தும் குரலும் ஒரே எண்ணில்தான் போகின்றன, கன்ட்ரோலர் அதைப் பார்ப்பார்.

தரையிறங்க அனுமதி ஏற்கெனவே கிடைத்திருந்தால் இறங்கிவிடுங்கள். கிடைக்கவில்லை, எழுத்துக்கும் பதில் இல்லை என்றால் மேலே எழும்பி ஒரு சுற்று வாருங்கள். ஓடுபாதையை விட்டு வெளியே வந்து, பார்க்கிங் பிரேக் போட்ட பிறகு 7ஆவது பதிலைத் திறந்து ஒவ்வொன்றாகப் பாருங்கள்.